கோவித்துக்கொண்டு வந்த இட்டேரி

கொழிஞ்சிவலசில் இதுவரைக்கும் யாரும் போனதில்லை, எல்லாரும் போய்விட்டு வருகிறவர்கள்தான். சந்தைக்குக் கிளம்புகிறவர் "வாரனுங்க" என்பார், பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறுகிற பெண் ஜன்னல் வழியாக "வாரனுங்" என்று இழுப்பாள், கல்யாண வீட்டுப் பந்தியில் தனக்கு ஜிலேபி வைக்காமல் நகர்ந்துவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியிறங்குகிறவர்கூட, இனிமேல் இந்த வாசலை மிதிப்பதில்லை என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே, வாயால் "வாரனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைத் தேடுவார். "போறன்" என்கிற சொல் அந்த ஊரில் இல்லாமல் இல்லை, ஆனால் அதைச் சொல்லக்கூடிய ஆளைப் பாடையில் படுக்க வைத்திருப்பார்கள், அவரால் வாய் திறக்க முடியாது. அப்படிப்பட்ட ஊரில், ஒரு சித்திரை மாதத்துக் காலையில், பட்டப்பகல் வெளிச்சத்தில், நாலு பேர் காதுபட "போறன்" என்று சொல்லிவிட்டவள் கோகிலாமணி. சொன்ன இடம் இட்டேரி.

இட்டேரி என்பது கொங்குச் சீமையில் தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே போகிற மண்தடம். ஒரு மாட்டுவண்டி போகும் அகலம், இரண்டு பக்கமும் உயிரோடு நிற்கிற கிளுவை வேலி, வேலிமேல் பிரண்டையும் கோவைக்கொடியும், வேலிக்குள் ஓணானும் கீரியும் கௌதாரியும், காலையில் எல்லாரையும் எழுப்பிவிடுகிற ஒரு செம்போத்தும். கொழிஞ்சிவலசு இட்டேரி பஸ் ஸ்டாண்டுக்கு மேற்கே புறப்பட்டு, வளைந்து வளைந்து, கோகிலாமணியின் அண்ணன் சென்னியப்பனின் தோட்டத்தை உரசிக்கொண்டு போய், ஊருக்கென்று இருக்கிற ஒரே பாறைக் குன்றான கரட்டின் அடிவாரத்தில், மயில் தண்ணீர் குடிக்கிற குட்டையோரமாகப் போய் முடியும். சென்னியப்பனுக்கும் வெளியே வர அதை விட்டால் வேறு தடம் கிடையாது.

இந்தத் தடத்தையும் குட்டையையும் கரட்டையும் யாரும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு ஊரில் ஓர் அறக்கட்டளை இருந்தது. அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, அது பலகையில் மட்டும்தான். ஊருக்கு அவர்கள் "தடத்துக்காரங்க". தலைவர், ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார் குருந்தாசலம். செயலாளர், பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிற கோகிலாமணி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய் சீமைக்கருவேலங் கன்றைப் பிடுங்குவதும், பாட்டில் பொறுக்குவதும், கல்லில் சுண்ணாம்பால் அம்புக்குறி போடுவதும், கரட்டில் ஏறி மூச்சு வாங்குவதுமாக அவர்கள் காலம் போனது. திரும்பி வந்து சேர்ந்ததும் வாத்தியார் விசில் அடித்து எல்லாரையும் தடத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்வார். எல்லாரும் ஒரே குரலில் "வாரனுங்க" என்று இட்டேரியிடம் விடைபெறவேண்டும். மண்ணுக்கு என்ன காதா இருக்கிறது என்று சிரித்தவர்கள் உண்டு. இருந்தது, பிற்பாடுதான் தெரிந்தது.

அந்தச் சித்திரைக் காலையில் சென்னியப்பன் ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்து இட்டேரிக்குள் நிறுத்தியிருந்தார். சேதி கேட்டு, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல், கோகிலாமணி வாத்தியாரையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் வேலியில் ஒரு ஆள் நீளத்துக்குக் கிளுவை பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

"அண்ணா, வேலியில கை வெக்க வேண்டாங்க. இது நம்முளுது இல்லீங்க, ஊருது."

"போர்வெல் போடற வண்டி திரும்ப எடமில்ல அம்மிணி. பாதித் தடத்த உள்ள எடுத்துக்கறன். மீதி இருக்குதல்லொ, உங்காளுக வரிசையாப் போவட்டும்."

"பாதித் தடம்னு ஒண்ணு கெடையாதுங்கண்ணா."

சென்னியப்பன் கெட்டவர் இல்லை. ஆனால் ஜேசிபிக்காரன் பார்த்துக்கொண்டிருந்தான், வாத்தியார் பார்த்துக்கொண்டிருந்தார், தங்கச்சியோ எல்லாருக்கும் முன்னால் தன்னைத் தடுத்துக்கொண்டு நிற்கிறாள். மனுசனுக்கு வீம்பு வந்துவிட்டால் நாக்குக்கு எலும்பு இல்லை.

"ஒரு பொறம்போக்குக்காகக் கூடப் பொறந்தவனையே எதுத்து நிக்கறயே. இது இருந்தா என்ன, போனா என்ன?"

"அப்ப நானும் இருந்தா என்ன, போனா என்னங்களா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், இந்தக் கதையே இருந்திருக்காது. அவர் சொல்லவில்லை.

"செரீங்க. நான் போறன்," என்றாள் கோகிலாமணி.

ஜேசிபிக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டான். பிறகு, "எனக்கு இந்த வாடகையே வேண்டாமுங்க" என்று சொல்லி வண்டியைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டான். வாத்தியார் விசிலைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். வேலிக்குள் கௌதாரி சத்தத்தைக்கூடக் காணோம்.

மறுநாள் காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தபோது, கோகிலாமணியின் வீட்டு முன்னால் இட்டேரி வந்து நின்றுகொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டைக் கடந்து, ரேஷன் கடைச் சந்தில் திரும்பி, இரண்டு பக்கத்து வேலியையும் ஒடுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் செம்மண்ணும், பிடுங்கப்பட்ட இடத்தில் ஓட்டையுமாக வந்திருந்தது. வாசலுக்கு வந்தவர்களை என்ன சொல்வோமோ அதையே அவளும் சொன்னாள், "வாங்க" என்றாள், கையிலிருந்த குடத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினாள். அது வந்தது. கூடத்தில் நுழைந்து, தையல் மிசினை இடிக்காமல் வளைந்து, அடுப்படியைத் தாண்டி, பின்கதவு வழியாக வெளியே போய், துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப்பக்கம் காலி இடத்தில் வாலைச் சுருட்டிப் படுத்துக்கொண்டது. அவள் வீட்டுக்காரர் துரைசாமி, கட்டிலுக்கு அடியில் ஒரு கீரி ஓடுவதைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தவர், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்க ஒருமுறை பார்த்தார்.

"நான் சித்தெத் தள்ளிப் படுத்துக்கறன். அதுக்கும் காலு நீட்டோணுமல்ல," என்றார்.

ஊர் முதல் நாள் வேடிக்கை பார்த்தது, இரண்டாம் நாள் வழிவிட்டது, மூன்றாம் நாள் நடக்க ஆரம்பித்துவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் கரடுவரைக்கும் போகிற அலுப்புத் தீர்ந்தது, விடியற்காலையில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு கோகிலாமணியின் கூடத்தில் நுழைந்து, "இருக்கீங்களாங்க" என்று அடுப்படியில் விசாரித்து, பின்கதவால் வெளியேறி, மறுபடியும் முன்கதவுக்கு வந்தார்கள். நடக்க வந்த பெண்கள் அப்படியே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்தார்கள். கண்டக்டர்கள் "இட்டேரி முக்கெல்லாம் எறங்குங்க" என்று புதிதாக ஒரு நிறுத்தத்தையே உண்டாக்கினார்கள், மயில் குறுக்கே நடந்தால் பஸ் ஆரன் அடிக்காமல் நின்றது. அளக்க வந்த சர்வேயரின் சங்கிலி மேலே பட்டதும் இட்டேரி கூச்சப்பட்டுச் சுருங்கியது, விட்டதும் நீண்டது, அவரும் காலையிலிருந்து மத்தியானம்வரை அளந்து பார்த்துவிட்டு, "இதுக்குச் சரியா ஒடம்பு குணமில்லைன்னு நெனைக்கறனுங்க" என்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு கட்சிக்காரர் இட்டேரியை வரவேற்று வேலியிலேயே பேனர் கட்டினார். அது ஒரு தும்மல் தும்மியது, பேனர் ரேஷன் கடைக் கூரைமேல் போய் விழுந்தது.

டீக்கடை மயிலாத்தாள் தன்னுடைய பெஞ்சை வேலி நிழலுக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஊரில் யார் வீட்டு விவகாரத்துக்கும் தீர்ப்பு அவள் கடையில்தான் எழுதப்படும். இதற்கும் அவள்தான் எழுதினாள்.

"இது கோவிச்சுக்கிட்டு வந்த பொண்ணு. வேறொண்ணுமில்ல."

அதற்குப் பிறகு ஊர் இட்டேரியைத் தடமாக நினைப்பதை விட்டுவிட்டது. கோவித்துக்கொண்டு தாய்வீடு வந்த பெண்ணிடம் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி நடந்துகொண்டது. யாரும் காரணத்தைக் கேட்கவில்லை. ஆளாளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதன் எதிரே சென்னியப்பன் பெயரை எடுக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

கோகிலாமணிக்குப் பெருமை தாங்கவில்லை. ஊரில் எத்தனை வீடு இருக்க, தன் வீட்டைத் தேடி வந்திருக்கிறது. துணி வெட்டும்போது கால் விரலால் அதன் மண்ணைத் தடவிக்கொண்டே வெட்டுவாள், மத்தியானத்தில் கூடத்து நடுவே வேலி நிழலில் தலைசாய்ப்பாள். இனிமேல் எந்த ஜேசிபி இதைத் தொடும் என்று நினைத்துக்கொள்வாள். ஒன்றைத் தவிர எல்லாம் அவளுக்கு நன்றாக இருந்தது. இட்டேரி எதனால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அண்ணன் சொன்ன சொல்லால் வந்தது என்று ஊர் பேசியது, அவள் மறுக்கவில்லை.

தோட்டத்தில் வேறு மாதிரி ஆகியிருந்தது. இட்டேரி எழுந்துபோன இடத்தில் பள்ளமோ வெளியோ இல்லை, சென்னியப்பனின் தோட்டமும் எதிர்த்த காடும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. பாதித் தடம் கேட்டவருக்கு முழுத்தடமும் கிடைத்துவிட்டது. பால்கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், எந்தப் பக்கம் நடந்தாலும், நேராக நடந்தாலும், குறுக்கே நடந்தாலும், தன்னுடைய எருமைக் கட்டுத்தறிக்கே வந்து சேர்ந்தார். அவர் மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூர் போயிருந்தாள், அவளாலும் வர வழியில்லை. அவரைப் பார்க்கப் போனவர்கள் சுற்றிச் சுற்றிப் பஸ் ஸ்டாண்டுக்கே வந்தார்கள். கரடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, யார் காலுக்கும் எட்டவில்லை. போன் மட்டும் போனது. அவர் வாத்தியாரைக் கூப்பிட்டார், பால் சொசைட்டியைக் கூப்பிட்டார், உரக்கடைக்காரரைக்கூடக் கூப்பிட்டார். தங்கச்சியைக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை. ஆனால் வாத்தியார் போனில் பேசுகிறபோதெல்லாம் கோகிலாமணிக்கு மிசின் தைக்காது, காஜா எடுக்கிற வேலையாக எடுத்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்.

வைகாசி பிறந்ததும் கிளுவை இலை உதிர ஆரம்பித்தது. பஸ் புகையும் தார்ச்சூடும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கோவைக்கொடி கூடத்து மின்விசிறியில் சுற்றிக்கொண்டு வதங்கியது. குட்டையில்லாமல் மயில்கள் மயிலாத்தாளின் பன்னைக் கொத்தின. செம்போத்து காலையில் கத்துவதை நிறுத்திவிட்டு, அலமாரிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தது. எத்தனை குடம் ஊற்றினாலும் மண் வெடித்தது.

தடத்துக்காரர்கள் கோகிலாமணியின் கூடத்தில் கூடினார்கள், பாதிப் பேர் வேலிக்கு இந்தப்பக்கம், பாதிப் பேர் அந்தப்பக்கம்.

"இங்கயே இருந்தாப் பத்திரம்தானுங்க வாத்தியாரே," என்றாள் கோகிலாமணி. "அங்க அனுப்பி, மறுக்கா ஆராச்சும் வேலியப் புடுங்குனா?"

"பத்திரமா இருக்கும் அம்மிணி. உசுரோட இருக்குமா?" என்றார் குருந்தாசலம்.

ஒரு இலை அவள் மடியில் விழுந்தது, அதை எடுத்துத் தையல் மிசின் இழுப்பறைக்குள் வைத்தாள்.

வாத்தியார் விசில் அடித்துப் பார்த்தார். எல்லாரும் மேற்கே முன்னால் நடந்து, திரும்பி "வா, வா" என்று அழைத்துப் பார்த்தார்கள். இட்டேரி ஒரு சாண் நகரவில்லை. மயிலாத்தாள் டீ ஆற்றிக்கொண்டே சிரித்தாள்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தேன், அது அதுக்கும் தெரியும். ஆனாக் கோவிச்சுக்கிட்டு வந்த பொண்ணு நாம போன்னா போவாளா? அங்கிருந்து ஆள் வந்து கூப்படோணும்."

"அவருக்குத்தான் வர வழி இல்லீங்களே," என்றார் துரைசாமி.

"வழி இல்லாட்டிப் போவுது. வாய் இருக்குதல்ல."

இப்படியாக ஒரு காலை நேரத்தில், ஊர் முழுக்க வேலியின் இரண்டு பக்கமும் நிற்க, வாத்தியார் தன்னுடைய போனை இட்டேரியின் மேலேயே வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். கோகிலாமணி அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு, கேட்காதவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு தடத்துக்கிட்டப் போயிக் கெஞ்சோணுமாங்க வாத்தியாரே?" என்றது சென்னியப்பனின் குரல்.

"ஊரே கேட்டுக்கிட்டிருக்குதுங்க. பாத்துப் பேசுங்க."

போனில் ஓர் எருமை கத்தியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அவர், "இதனால் இட்டேரிக்குத் தெரிவிப்பது என்னவென்றால்" என்று பஞ்சாயத்து மைக்கில் பேசுகிற தமிழில் ஆரம்பித்தார். ஜனங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். இட்டேரி அசையவில்லை. அவரே நிறுத்திவிட்டார். மறுபடியும் பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"செம்போத்து கத்தாம எனக்குப் பொழுது விடியறதே தெரியறதில்ல. எருமைகூடயே பேசிப் பேசி என்ற கொரலே எனக்குப் புடிக்காமப் போச்சு. பாலு பூராத்தையும் நானே குடிக்கறன், செமிக்க மாட்டேங்குது. இருந்தா என்ன போனா என்னன்னு கேட்டனல்ல. போனா என்னன்னு பாத்துட்டன் கண்ணு. வேலியப் புடுங்குன எடத்துல நானே நட்டுத் தண்ணி ஊத்தறன். வந்துரு சாமி. எம்மேல கோவம்னா இங்க வந்து வெய்யி. வராமெருந்துறாத."

அவர் தடத்தைச் சொல்கிறாரா, தங்கச்சியைச் சொல்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்காது. பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். இட்டேரியின் வேலி முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது, ஆனால் அது எழுந்திருக்கவில்லை. நிறுத்தத்தில் நின்று கண்டக்டரின் விசிலுக்காகக் காத்திருக்கும் பஸ் மாதிரி, எதற்கோ காத்திருந்தது.

எதற்கென்று கோகிலாமணிக்குத் தெரிந்தது.

கிளம்பும்போது சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால் அதற்குப் பரிகாரம் அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்து உட்காரவேண்டும், ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவேண்டும், பிறகு எழுந்து ஒழுங்காக விடைபெறவேண்டும். அவள் வந்து இட்டேரியின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். துரைசாமி சொம்பைக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தாள், மீதியை மண்ணில் ஊற்றினாள்.

"போறன்னு சொன்னது நானுங்க," என்று ஊரைப் பார்த்துச் சொன்னாள். "எங்கண்ணன் சொன்னதுக்கு இது வரல. நான் சொன்னதுக்குத்தான் வந்துது. போறவளோட தானும் போயரலாம்னு வந்துருச்சு." எழுந்து நின்று போனைக் கையில் எடுத்தாள்.

"வாரனுங்கண்ணா," என்றாள்.

அன்றைக்குப் பாதியில் விட்டுவந்த விடைபெறுதலுக்காகத்தான் அதைச் சொன்னாள். ஆனால் கிளம்புவதற்கும் கொழிஞ்சிவலசில் அதே சொல், வருவதற்கும் அதே சொல். அண்ணன் காதில் அது வருவதாகத்தான் விழுந்தது.

"வா கண்ணு," என்றார்.

இட்டேரி எழுந்தது. கோகிலாமணி ஒரு அடி வைக்க, அதுவும் அவள் காலடியிலேயே ஒரு அடி நகர்ந்தது, அடுத்த அடிக்கு அடுத்த அடி, வாசலைத் தாண்டி, ரேஷன் கடைச் சந்தில் வளைந்து, பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்களைப் பக்குவமாகச் சுற்றிக்கொண்டு போனது. கரண்டுக் கம்பத்தில் மாட்டாமல் ஆளுக்கொரு பக்கம் வேலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர் பின்னாலேயே நடந்தது, துரைசாமி கௌதாரி முட்டைகளைத் துண்டில் ஏந்திக்கொண்டு நடந்தார், வாத்தியார் விசிலால் லெஃப்ட் ரைட் போட்டார், யாரும் அதற்குக் கால் வைக்கவில்லை, மயிலாத்தாள் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்தாள். ஒட்டிக்கொண்டிருந்த தோட்டங்கள், பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்கள் கைக்குழந்தைக்காரி வந்ததும் நகர்ந்து இடம் கொடுப்பதுபோல, ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டன. கரட்டின் பக்கமிருந்து காற்று வந்தது. செம்போத்து வேலியில் இறங்கிக் கத்தியது.

சென்னியப்பன் ஒரு சட்டி மோரும், காய்த்துப்போன கையுமாக, மண்வெட்டிக் காம்பு போட்ட கொப்புளம் தெரிய, தோட்டத்து முகப்பில் நின்றிருந்தார். புதுக் கிளுவைக் குச்சிகள் ஒரு கட்டு, நடுவதற்குத் தயாராகக் காலடியில் கிடந்தன. அவர் மோரைக் கொடுத்தார், அவள் குடித்தாள், உப்பு அதிகம் என்றாள். இட்டேரி தன்னுடைய பழைய இடத்தின் ஓரத்தில் கொஞ்சம் தயங்கி நின்றது. பிறகு, அவர் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்தின் வழியாகப் போய், பின்கதவால் வெளியேறி, அங்கிருந்து கரட்டுக்கு ஏறிக் குட்டையோரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. பாதியை உள்ளே எடுத்துக்கொள்ள நினைத்த மனுசன் வீட்டுக்குள் இப்போது முழுத்தடமும் இருந்தது. சென்னியப்பன் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்தினார்.

"கெடக்கட்டும். நான் சித்தெத் தள்ளிப் படுத்துக்கறன்," என்றார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நடக்க வருகிறவர்கள் அவர் கூடத்தின் வழியாகத்தான் கரட்டுக்குப் போகிறார்கள். தடத்துக்காரர்கள் அந்த வீட்டு நிலையிலும் சுண்ணாம்பால் ஓர் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி எல்லாருக்கும் மோர் கொடுக்கிறார், வெளியூர்க்காரர்கள் யாராவது "போறேங்க" என்று சொல்லிவிட்டால் பதறிப்போய், "வாரன்னு சொல்லுங்க, தடம் காதுல உளுந்துரும்" என்று அதட்டித் திருப்பி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புகிறார். உப்பு இன்னும் அதிகம்தான்.

இட்டேரி வந்து சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலம், ஊரெல்லாம் திரும்பிய பிறகு, கோகிலாமணி கடைசியாகக் கிளம்பினாள். தடத்தில் இறங்கி நின்று, "வாரனுங்கண்ணா" என்றாள். கொழிஞ்சிவலசில் அந்தச் சொல்லுக்குக் காலங்காலமாக ஒரே பதில்தான், "ஆகட்டும்" என்று தலையாட்டுவது. சென்னியப்பன் தலையாட்டவில்லை. எல்லாரும் சொல்கிற, யாரும் கணக்கில் வைக்காத அந்தச் சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக அதன் பொருளைக் கேட்டார்.

"எப்பங் கண்ணு?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். காலடியில் இட்டேரியும் பதிலுக்காக நின்றது.

"நாளைக்கே வாரனுங்கண்ணா," என்றாள். வேலி நட வேண்டியிருந்தது.